அமீரகத்தில் ஆசிரியர் வேலை: கையில் மூன்று ஆஃபர் இருந்தால் எதை எடுப்பது? முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி கடைசி வாரம். ஷார்ஜா அல் நஹ்தாவில் மூன்று பேர் தங்கியிருந்த அறையில், கட்டில்மேல் மூன்று தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்று ஷார்ஜா முவைலாவில் உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளி, மாதம் 4,800 திர்ஹம். இன்னொன்று துபாய் கிசைஸ் பக்கம் உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளி, 4,200. மூன்றாவது பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி. அங்கே ஆசிரியராக அல்ல, டீச்சிங் அசிஸ்டென்ட்டாக, 4,000. அம்மாவுக்குப் போன் போட்டேன். "எதுல கூடத் தர்றாங்களோ அதுல சேரு, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

முதல் வருடம் வந்தபோது அப்படித்தான் சேர்ந்தேன். மாதம் 600 திர்ஹம் கூட என்பதற்காக ஒரு பள்ளியை எடுத்தேன். பிசிக்ஸ் என்று பேசியவர்கள் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பொது அறிவியலைக் கொடுத்தார்கள். மூன்றாவது மாதத்திலேயே வேறு நல்ல இடம் வந்தது. ஆனால் கான்ட்ராக்டில் இருந்த நோட்டீஸ் காலத்தை நான் படித்திருக்கவே இல்லை. காத்திருக்க முடியாது என்று அந்தப் பள்ளி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எந்த ஆஃபர் லெட்டரையும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கித்தான் படிக்கிறேன். முதலில் வெளியே வரும் வழி, அப்புறம்தான் சம்பளம். இருபதுகளில் இருப்பவர்களுக்கு இந்த வரிசைதான் சரி என்பது என் கட்சி. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று நிற்பவர்களுக்கு வரிசை மாறலாம்.

இனி படிப்படியாகப் பார்க்கலாம்.

1. சான்றிதழ் தயாரா என்று பாருங்கள்

ஒப்பிடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது. சான்றிதழை ஒரே முத்திரையில் பிற நாடுகளும் ஏற்றுக்கொள்ளும் அபோஸ்டில் உடன்படிக்கையில் ஐக்கிய அரபு அமீரகம் இல்லை. அதனால் ஓமனுக்கோ பஹ்ரைனுக்கோ போகிறவர்கள் வாங்கும் அபோஸ்டில் முத்திரை இங்கே செல்லாது. டிகிரியும் பி.எட்.டும் மாநில அரசு, டெல்லியில் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று மூன்று கட்டம் தாண்டி, கடைசியில் இங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் வாங்க வேண்டும். ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இங்கே வந்தபிறகு அசல் சான்றிதழைக் கூரியரில் அனுப்பிவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்த தோழிகள் எனக்கு உண்டு.

ரெகுலரா, தொலைதூரக் கல்வியா என்ற கேள்வியும் வரும். படித்த கல்லூரியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ படித்த முறையைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் அலைய வேண்டாம். நீங்கள் படித்த பாடமும் கற்பிக்கப்போகும் பாடமும் பொருந்துகிறதா என்பதும் முக்கியம். கணிதம் படித்தவரை "கொஞ்ச நாள் பிசிக்ஸ் எடுங்க" என்று சேர்த்தால், ஆசிரியராக வேலை பார்க்க அனுமதி கேட்கும்போது இழுபறி உங்களுக்குத்தான்.

2. கழிக்க வேண்டியவற்றை முதலில் கழியுங்கள்

எனக்கு நான்காவதாக ஒரு ஆஃபரும் வந்தது. ஒரு டியூஷன் சென்டர். "விசிட் விசால வந்து ஒரு மாசம் டிரெய்னிங் மாதிரி பாருங்க, பிடிச்சா விசா போட்டுடலாம்" என்றார்கள். அதைக் கட்டிலுக்கே கொண்டுவரவில்லை. விசிட் விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். அனுமதி இல்லாமல் வேலைக்கு வைக்கும் நிறுவனத்துக்கு 2024இல் அபராதத்தை 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை உயர்த்தினார்கள். அந்த அபாயத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவர் உங்களைக் கூப்பிடுகிறார் என்றால், மற்ற விஷயங்களில் எப்படி இருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விசாச் செலவு, ஆள் எடுக்கும் செலவு என்று எதையும் ஊழியரிடம் வாங்கக்கூடாது என்பது இங்குள்ள தொழிலாளர் சட்டம். ஊரில் ஏஜென்ட் வழியாக வருவதென்றால், இந்திய அரசிடம் பதிவு செய்த ஏஜென்ட்தானா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் பேச்சை நீட்டவே வேண்டாம்.

பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்" என்று வாங்கிக்கொள்ளும் இடமும் கழிக்கப்பட வேண்டியதே. அப்படிப் பிடித்து வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. விசா, எமிரேட்ஸ் ஐடி வேலைகளுக்குக் கொடுத்தால் எப்போது திரும்பி வரும் என்று மெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. வெளியே வரும் வழியைப் படியுங்கள்

2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கும் தொழிலாளர் சட்டத்தின்படி புரொபேஷன் (தகுதிகாண் காலம்) ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அந்தக் காலத்தில் பள்ளி உங்களை அனுப்புவதென்றால் 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். நீங்கள் விட்டுவிட்டு ஊருக்குப் போவதென்றாலும் 14 நாள்தான். ஆனால் அமீரகத்திலேயே வேறு இடத்தில் சேர்வதென்றால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். வேறு விதமாகப் பேசிக்கொண்டிருந்தால் ஒழிய, புதிய நிறுவனம் பழைய நிறுவனத்துக்கு ஆள் எடுத்த செலவை ஈடுகட்டவும் வேண்டும். சொல்லாமல் கிளம்பினால் புதிய வேலை அனுமதியே தடைபடலாம்.

புரொபேஷன் முடிந்தபின் நோட்டீஸ் காலம் 30 நாளிலிருந்து 90 நாளுக்குள் ஏதாவது ஒன்று. எந்த எண்ணைப் போடுவது என்பது கான்ட்ராக்டில்தான் இருக்கிறது. என் மூன்று தாள்களில் முவைலா 90, கிசைஸ் 60, பிரிட்டிஷ் பள்ளி 60.

பள்ளி வேலைக்கு 90 நாள் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும், குழந்தைகளின் படிப்பு நடுவில் கெடக்கூடாது அல்லவா? ஆனால் நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குகின்றன. பிரிட்டிஷ், அமெரிக்கப் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில். செப்டம்பரில் சேர மே மாதக் கடைசியிலேயே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், அப்போது புதிய ஆஃபர் கையில் இருக்குமா என்பது சந்தேகம். 60 நாள் என்றால் ஜூன் கடைசி வரை மூச்சு விடலாம். அந்த முப்பது நாளில்தான் பலருடைய அடுத்த வேலை முடிவாகிறது.

வேலையை விட்டபின் போட்டியாளரிடம் சேரக்கூடாது என்ற ஷரத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டம் அதை அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு அனுமதிக்கிறது. இடத்தையும் வேலையின் தன்மையையும் அதில் குறிப்பிட வேண்டும். சாதாரண வகுப்பு ஆசிரியருக்கு இது எதற்கு என்று கேட்டு எடுக்கச் சொல்லலாம். கேட்டதற்காக ஆஃபரைத் திரும்ப வாங்கிய பள்ளியை நான் பார்த்ததில்லை.

4. சம்பளத் தாளைப் பிரித்துப் பாருங்கள்

மொத்தச் சம்பளம் அல்ல, பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்பதுதான் கேள்வி. வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டிக்குக் கணக்கு பேசிக்மேல்தான். ஒரு வருடம் முடித்திருந்தால், முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக், அதற்குமேல் ஆண்டுக்கு 30 நாள்.

முவைலா பள்ளி 4,800இல் பேசிக்கை 1,800 என்று போட்டிருந்தது. மீதி முழுவதும் ஹவுஸிங், டிரான்ஸ்போர்ட், "அதர் அலவன்ஸ்". ஒரு நாளைக்கு 60 திர்ஹம், 21 நாளுக்கு 1,260. கிசைஸ் பள்ளி 4,200இல் பேசிக் 2,700. நாளைக்கு 90, ஆண்டுக்கு 1,890. வருடத்துக்கு 630 திர்ஹம் வித்தியாசம், அதுவும் சம்பளம் குறைந்த பள்ளியில் கூடுதலாக. எடுக்காத விடுப்புக்குப் பணம் தரும்போதும் பேசிக்கைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்து, போக்குவரத்து. முவைலாவுக்கு கார் லிஃப்ட் (பலர் பகிர்ந்து போகும் வண்டி) மாதம் 350. கிசைஸ் பள்ளியின் பேருந்து எங்கள் தெருமுனைக்கே வரும், இலவசம், ஆனால் அதே பேருந்தில் பஸ் டியூட்டியும் நம் தலையில். ஆக 4,450க்கும் 4,200க்கும்தான் போட்டி. அறுநூறு என்று நினைத்தது இருநூற்றைம்பதாகச் சுருங்கிவிட்டது.

ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டிய இன்னும் சில: ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு முழுச் சம்பளம் உண்டா, முதல் வருடமும் உண்டா? ஊருக்கு டிக்கெட் வருடா வருடமா, இரண்டு வருடத்துக்கு ஒருமுறையா? மருத்துவக் காப்பீட்டில் எந்த மருத்துவமனைகள்? வேலையிழப்புக் காப்பீடு தனி. 2023 முதல் கட்டாயம், பேசிக் 16,000 வரை இருப்பவருக்கு மாதம் 5 திர்ஹம், அதை நாமே கட்ட வேண்டும். தொகை சின்னதுதான், மறந்தால் அபராதம் பெரிது.

அப்பாவின் விசாவிலோ கணவரின் விசாவிலோ இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கு உங்கள் விசாச் செலவு மிச்சம், ஆனாலும் உங்களுக்குத்தான் குறைத்துத் தருவார்கள். "வீட்டுல இருக்கிறவங்கதானே" என்ற கணக்கு அது. அந்த மிச்சத்தைச் சொல்லியே பேரம் பேசுங்கள். ஆனால் அந்த விசாவில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு: வேலையை விட்டால் விசா போகாது.

5. மணிக்கணக்குப் போடுங்கள்

இங்கே துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் நடுவே பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. 2022 ஜனவரியில் துபாய் திங்கள் முதல் வெள்ளி மதியம் வரை என்று மாறியபோது, ஷார்ஜா வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை என்று அறிவித்தது. தனியார் பள்ளிகளும் திங்கள் முதல் வியாழன் வரைதான். மூன்று நாள் லீவு என்றதும் எனக்கும் வாயில் எச்சில் ஊறியது, மறைப்பானேன்.

ஆனால் வாரத்துக்கு எத்தனை பீரியட் என்று கேட்டேன். முவைலாவில் 30. நான்கு நாளில் 30 என்றால் நாளுக்கு ஏழு அல்லது எட்டு. ப்ரீ பீரியட் என்ற ஒன்று பெயரளவில்தான் இருக்கும், அதிலும் யாராவது லீவு போட்டால் சப்ஸ்டிடியூஷன். கரெக்‌ஷன், லெசன் பிளான் எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும், வெள்ளிக்கிழமை அதற்கே போகும். கிசைஸில் ஐந்து நாளில் 24.

தாளில் எழுதிப் பார்த்தேன். முவைலா: காலை 5.45க்குக் கிளம்பி மாலை 4.45க்குத் திரும்புவது, நான்கு நாள், 44 மணி. வீட்டு வேலை 12. மொத்தம் 56. கிசைஸ்: 6.15 முதல் 3.30 வரை நான்கு நாள் 37 மணி, வெள்ளி ஆறு மணி, வீட்டில் ஐந்து. மொத்தம் 48. மாதத்துக்கு 4.3 வாரம் என்று வைத்து வகுத்தால், முவைலாவில் ஒரு மணிக்கு 18.50 திர்ஹம், கிசைஸில் 20.35.

இந்தக் கணக்குக்கு டெமோ கிளாஸ் நாள்தான் கைகொடுக்கும். ரிசப்ஷனில் காத்திருக்கும்போது டீச்சர்கள் எப்போது கிளம்புகிறார்கள் என்று பாருங்கள். மூன்று மணிக்கு மேல் கார் பார்க்கிங்கில் எத்தனை வண்டி நிற்கிறது என்றும் பாருங்கள். ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு எட்டுப் போக முடிந்தால் மேஜைமேல் நோட்டுக் கட்டு எவ்வளவு உயரம் என்று தெரிந்துவிடும். டெமோ முடிந்து தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் முவைலா பள்ளி டீச்சர் ஒருவரிடம், "சனிக்கிழமை ஏதாவது இருக்குமாக்கா?" என்று கேட்டேன். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ரெமிடியல் கிளாஸ் உண்டு என்றார், சிரித்துக்கொண்டே. அதை நான் 56இல் சேர்க்கவில்லை.

6. ஆய்வு அறிக்கையில் ஒரு வரியைத் தேடுங்கள்

துபாய்த் தனியார் பள்ளிகளைக் கவனிப்பது கே.எச்.டி.ஏ. அபுதாபியில் அடெக், ஷார்ஜாவில் ஸ்பியா. அடெக்கின் ஆய்வுக்கு இர்திகா என்று பெயர், ஸ்பியாவுடையது இத்கான். 'மிகச் சிறப்பு' முதல் 'மிக பலவீனம்' வரை ஆறு தரங்கள்.

எல்லோரும் தரத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கே.எச்.டி.ஏ. அறிக்கையின் தொடக்கத்தில் பள்ளியைப் பற்றிய சிறு அட்டவணை வரும். எத்தனை ஆசிரியர்கள், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்ற தகவல்களோடு, ஆண்டுக்கு எத்தனை சதவீத ஆசிரியர்கள் விட்டுப் போகிறார்கள் என்ற எண்ணும் இருக்கும். பெற்றோருக்கு அது ஒரு எண். நமக்கு அது அங்கே வேலை பார்ப்பவர்களின் வாக்குமூலம். நூற்றில் பத்து பேர் போவது எங்கும் நடப்பதுதான். முப்பது பேர் போனால், அந்த முப்பது பேர் நமக்காகவே ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அறிக்கையின் ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024-25 கல்வியாண்டில் துபாயில் பெரும்பாலான பள்ளிகளுக்கு முழு ஆய்வு நடக்கவில்லை. தளத்தில் கிடைப்பது பழைய படமாக இருக்கலாம், நடுவில் பிரின்சிபாலே மாறியிருக்கலாம்.

7. அசிஸ்டென்ட் வேலையா, ஆசிரியர் வேலையா?

மூன்றாவது தாள் என்னை அதிகம் அலைக்கழித்தது. பிரிட்டிஷ் பள்ளியில் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தால் அந்தப் பாடத்திட்டம் பழகும், மணி குறைவு, நோட்டு திருத்த வேண்டாம். பிற்பாடு அதே பள்ளியில் ஆசிரியராக உயரலாம் என்று நம்பிச் சேர்பவர்கள் நிறைய.

நம்புவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடந்த மூன்று வருடத்தில் இங்கே எத்தனை அசிஸ்டென்ட்டுகள் ஆசிரியராக ஆனார்கள்?" நான் கேட்டபோது எதிரே இருந்தவர், "இட் டிபெண்ட்ஸ்" என்று ஆரம்பித்தார். எண்ணே வரவில்லை. இரண்டு வருடம் அசிஸ்டென்ட்டாக இருந்துவிட்டு மறுபடி சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு வந்தால், அனுபவச் சான்றிதழில் 'ஆசிரியர்' என்ற சொல் இருக்காது. பி.எட். முடித்துப் பதினொன்று, பன்னிரண்டுக்குப் பாடம் எடுக்க நினைப்பவருக்கு அது சின்ன இழப்பல்ல. தொடக்க வகுப்புகளில், சிறப்புக் கல்வியில் ஆர்வம் உள்ளவருக்கு இதே வேலை நல்ல வாசல். எனக்கு அது இல்லை.

8. டியூஷனுக்கு வழி உண்டா என்று கேளுங்கள்

முன்பெல்லாம் வீட்டில் டியூஷன் எடுப்பது திருட்டுத்தனமாகத்தான் நடந்தது. 2023 டிசம்பரில் தனியார் டியூஷனுக்கு வேலை அனுமதி கொண்டுவந்தார்கள். கட்டணம் இல்லை, இரண்டு வருடம் செல்லும், நன்னடத்தை விதிகளுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளியில் வேலை பார்ப்பவர் என்றால் பள்ளியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கேட்பார்கள். அதனால் சேர்வதற்கு முன்பே ஹெச்.ஆரிடம், "என்.ஓ.சி. தருவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். கிசைஸ் பள்ளி, எங்கள் பள்ளி மாணவர்களைத் தவிர யாருக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றது. முவைலா, "பாலிசி இல்லை" என்றது. வாரத்தில் நான்கு மணி நேரம் பன்னிரண்டாம் வகுப்புப் பிசிக்ஸ் எடுத்தாலே அந்த 250 திர்ஹம் வித்தியாசம் காணாமல் போய்விடும்.

9. கையெழுத்து

பள்ளி தரும் லெட்டர்ஹெட் ஆஃபர் வேறு, தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில் வரும் ஆஃபர் வேறு. இரண்டிலும் சம்பளம், பேசிக், பதவி ஒன்றாக இருக்கிறதா என்று வரிவரியாக ஒப்பிடுங்கள். அமைச்சகத்தின் படிவம் அரபி, ஆங்கிலத்தோடு மூன்றாவதாக நமக்குத் தெரிந்த மொழியிலும் கிடைக்கும், அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கி ஒருமுறை படித்துப் பாருங்கள், கண்ணில் படாதது படும். வாயால் சொன்ன பாடம், வகுப்பு, பீரியட் எண்ணிக்கை எல்லாவற்றையும் "நேற்றுப் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மெயிலில் எழுதி அனுப்புங்கள். அவர்கள் "சரி" என்று ஒரு சொல் பதில் போட்டால் போதும்.

மூன்று நாளில் பதில் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். ஏப்ரல் நெருங்கும்போது அவர்களுக்கும் ஆள் வேண்டும், அதனால் ஒரு வாரம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். அந்த வாரத்தில் நான் கிசைஸ் பள்ளியிடம் 4,500 கேட்டேன். 4,350க்கு வந்தார்கள், பேசிக்கில் 100 கூட்டி. அம்மாவிடம் சொன்னபோது, "அப்பவும் அந்த இன்னொண்ணு கூடத்தானேடி?" என்றார்.

மற்ற இரண்டு பள்ளிகளுக்கும் அன்றே மறுப்பு எழுதினேன். நான்கு வரி: நன்றி, வேறு இடம் ஒப்புக்கொண்டேன், டெமோவுக்கு நேரம் ஒதுக்கியதற்கு மகிழ்ச்சி, வருங்காலத்தில் வாய்ப்பிருந்தால் பேசலாம். பதில் சொல்லாமல் போனை எடுக்காமல் இருந்துவிடாதீர்கள், துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் நடுவே ஹெச்.ஆர். ஆட்களும் பள்ளி மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் பள்ளியிலிருந்து மட்டும் மறுநாள் பதில் வந்தது, செப்டம்பரில் பிசிக்ஸ் ஆசிரியர் இடம் காலியானால் தகவல் சொல்கிறோம் என்று. நோட்டீஸ் 60 நாள் என்பதால் ஜூன் கடைசியில் ஒரு நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.